மா பொங்கும் நேரம்

போரில் அகப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்யத் தொடங்கும் இளம் தொண்டர்கள் இடைக்கிடை என்னைத் தேடி வருவார்கள். கேள்வி ஒன்றுதான். "ரீச்சர், பணிஸ் சுடப் பழக்கினால் பிள்ளையளின்ரை மனக்காயம் மாறுமோ?" மாறாது என்றுதான் முதலில் சொல்வேன். பணிஸ் (பன்) சுடுவதால் அப்பா திரும்பி வரப்போவதில்லை, இரவில் திடுக்கிட்டு எழும்புவது நின்றுவிடப் போவதுமில்லை. அதைக் கேட்ட பிறகும் எழும்பிப் போகாமல் இருப்பவர்களுக்குத்தான் மிச்சத்தைச் சொல்வது. இது அந்த மிச்சம்.

நான் மனையியல் ஆசிரியை. 2011 தொடக்கம் சில வருடங்கள், இலங்கையின் வடக்கே வன்னியில், விசுவமடுப் பக்கத்தில் மீளக்குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் வெதுப்பக (பேக்கரி) வேலை பழக்கினோம். எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரையான பிள்ளைகள். தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று போகும் இடமெல்லாம் பங்கர் வெட்டிக்கொண்டு 2009 மேயில் போர் முடியும் வரை ஓடியவர்கள். பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தவர்கள். ஊருக்குத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் தறப்பாள் கொட்டில்.

ஏன் வெதுப்பக வேலை என்று கேட்டால், முதல் காரணம் ஒன்றும் பெரிய தத்துவமில்லை. உளவளத்துணை (மனநல ஆலோசனை) என்ற சொல்லைப் போட்டு ஒரு திட்டத்துக்கு அனுமதி எடுப்பது அந்த நேரம் வன்னியில் லேசான காரியமல்ல. 'போசாக்கும் சிற்றுண்டி தயாரிப்பும்' என்று எழுதினால் கடிதம் கிடைத்தது. அடுத்த காரணம் ஒரு ஐயா. போருக்கு முதல் அந்த ஊர் வெதுப்பகத்தில் பாண் போட்டவர். கூரை போன கட்டடத்துக்குள் பாண் சுடும் போறணை மட்டும் வெடிப்போடு நின்றுகொண்டிருந்தது. அவரே களிமண் குழைத்துப் பூசி, உள்ளே விறகு எரித்துப் பார்த்துவிட்டு, "வேலை செய்யும், பிள்ளை" என்று என்னிடம் சொன்னார்.

அந்தத் திட்டத்தில் பயிற்சி பெற்றவர்கள் நாங்கள் சிலர் இருந்தோம். ஆனால் பிள்ளைகள் முதலில் நெருங்கியது ஐயாவிடம்தான். "எங்கை இருந்தனீர், வீட்டிலை ஆர் ஆர் இல்லை" என்று அவர் ஒருவரிடமும் கேட்டதில்லை. "தம்பி, அந்த வாளியிலை அரைவாசி தண்ணி கொண்டா", "பிள்ளை, சாக்கை நனைச்சுத் தா" என்பார், அவ்வளவுதான். முகாமில் இருந்த காலம் முழுக்க அந்தப் பிள்ளைகள் படிவம் நிரப்பும் ஆட்களுக்குப் பதில் சொல்லிக் களைத்திருந்தார்கள். கேள்வி கேட்காத ஒரு பெரிய ஆள் அவர்களுக்குப் புதினம்.

சாப்பாட்டுக்கு வரிசை வைக்காதீர்கள். பயிற்சிப் பட்டறைகளில் ஒருவரும் இதைச் சொல்வதில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2009 ஏப்ரல் 8 அன்று அம்பலவன்பொக்கணையில் பால்மா வாங்க வரிசையில் நின்ற தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் செல் (எறிகணை) விழுந்தது. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையிலும் அது இருக்கிறது. அறிக்கை வர முதலே அங்குள்ள ஒவ்வொரு தாய்க்கும் அது தெரியும். "லைனிலை நில்லுங்கோ" என்பது பள்ளிக்கூடத்தில் நாங்கள் யோசிக்காமல் சொல்லும் சொல். அங்கே அதைக் கேட்டதும் சில பிள்ளைகளின் முகம் வெறுமையாகிப் போகும், சிலர் கழிப்பறைக்கு என்று சொல்லிவிட்டுத் திரும்பி வரமாட்டார்கள். அதனால் பிள்ளைகள் இருந்த இடத்துக்கே தட்டைக் கொண்டுபோனோம். மாவும் அப்படித்தான், ஒவ்வொரு பாயிலும் முன்கூட்டியே அளந்து வைத்திருக்கும்.

விறகு அடுத்த கவலை. பிள்ளைகளை அனுப்பினால் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள், ஆசையாகவும் செய்வார்கள். ஆனால் ஒழுங்கைக்கு அப்பால் பற்றைக்குள் மிதிவெடி அகற்றி முடிந்திருக்கவில்லை. பனை மட்டையும் சிரட்டையும் வீடுகளிலிருந்தே விலைக்கு வாங்கினோம். அதில் சில குடும்பங்களுக்குக் கைச்செலவுக்குக் காசும் கிடைத்தது. இன்று வேறொரு நாட்டில் இதைச் செய்கிறவர் மின் அடுப்பு வைத்திருக்கலாம். அப்படியென்றாலும் பிள்ளை நடந்துவரும் பாதை எதுவென்று ஒருதரம் நடந்து பார்த்துவிடுங்கள்.

சத்தத்தைப் பற்றி ஓரளவுக்கு எல்லோரும் யோசிப்பார்கள். தகரத் தட்டு சீமெந்து நிலத்தில் விழுந்தால் பாதிப் பிள்ளைகள் குப்புறப் படுத்துவிடுவார்கள். நாங்கள் நிலம் முழுக்கச் சாக்கு விரித்தோம். போறணை மூடியைத் தூக்க முதல் "இப்ப திறக்கப் போறன், கிறீச்செண்டு ஒரு சத்தம் வரும்" என்று ஐயா குரல் கொடுப்பார். இவ்வளவு செய்தும் ஒருநாள் ஹெலி பறக்கும், ஒருவர் படுத்துவிடுவார். அப்போது கையைப் பிடித்துத் தூக்கக்கூடாது, "ஒண்டுமில்லை" என்றும் சொல்லக்கூடாது. நீங்களும் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு, எங்கே இருக்கிறோம் என்பதை மெதுவாகச் சொல்லுங்கள். "இண்டைக்குச் சனிக்கிழமை. விசுவமடுவிலை இருக்கிறம். பணிசுக்கு மா குழைச்சு வைச்சிருக்கு. இது சாக்கு, தொட்டுப் பார்." தானாக எழும்பும். எழும்பியதும் பழைய வேலையைக் கையில் கொடுங்கள். மற்றப் பிள்ளைகள் சிரிக்கமாட்டார்கள், அவர்களுக்குத் தெரியும்.

மணத்தை மட்டும் அநேகமானவர்கள் மறந்துவிடுவார்கள். வேகும் பாண் மணம் ஊரையே இழுக்கும், உண்மைதான். அதே போறணையில் இரண்டு நிமிடம் பிந்தினால் கருகல் மணம். தலைமயிர் நுனி தணலில் பொசுங்கினால் வரும் மணம் அதைவிட மோசம். அந்த மணங்கள் எதை ஞாபகப்படுத்தும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. தலைமயிரை எல்லோரும் துணியால் கட்ட வேண்டும், கருகியதை உடனே வெளியே கொண்டுபோய் மண்ணால் மூட வேண்டும் என்பவை எங்களிடம் கண்டிப்பான சட்டங்கள்.

தணலைப் பார்க்கவே மறுக்கும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்குத் தூரத்தில் வேலை இருந்தது. தராசில் நிறுப்பது, உருண்டைக்கு மேல் சீனித்தண்ணி பூசுவது, எண்ணி அடுக்குவது. பயந்த பிள்ளையை "வந்து பார், பயம் தெளியும்" என்று கையைப் பிடித்து இழுத்துவரும் பெரியவர்களைச் சமாளிப்பதுதான் உண்மையில் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. சிலர் தாங்களாகவே கிட்ட வந்தார்கள், பெரும்பாலும் மாப் பரிசோதனையைப் பார்க்க. போறணைக்குள் விறகை எரித்து, தணலை வாரி வெளியே எடுத்து, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்த பிறகு ஐயா ஒரு பிடி மாவை உள்ளே வீசுவார். மா உடனே கறுத்தால் சூடு கூட, பொறுக்க வேண்டும். மெல்ல மெல்லப் பொன்னிறமானால் தட்டை உள்ளே விடலாம். "கறுப்போ, பழுப்போ?" என்று அவர் கத்துவார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் எட்டிப் பார்க்கத்தானே வேண்டும்?

உடம்பையும் கவனியுங்கள். வெளியில் ஒரு தழும்பு மட்டும் தெரிகிற பிள்ளையின் தோளுக்குள் செல் துண்டு இருக்கும். மாவை அழுத்தும்போது முகம் சுளிக்கும், ஆனால் வாயைத் திறக்காது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனத்தில் போட்ட செயற்கைக் காலோடு வருகிற பிள்ளை நெடுநேரம் நின்றால் செயற்கைக் கால் உரசும் இடம் புண்ணாகும். அதனால் எல்லோரும் பாயில் இருந்தே குழைத்தோம். ஒருவருக்கு மட்டும் கதிரை போட்டால் அது வேறு காயம். விரல்கள் இல்லாத கையால் உருட்ட முடியாத பிள்ளை உள்ளங்கையால் தட்டித் தட்டையாக்கினால், அன்றைக்கு எல்லோருக்கும் தட்டைப் பணிஸ்.

அளவைக் கேட்பவர்களுக்கு. கோதுமை மா 500 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 300 மில்லிலீற்றர், சீனி 50 கிராம், மாஜரின் 40 கிராம், உப்பு 8 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம். மா குழைக்கும் ஒரு கோப்பைக்கு நான்கு பிள்ளைகள், பன்னிரண்டு உருண்டை. ஆளுக்கு மூன்று வரும். ஒன்றைச் சுடச்சுட அங்கேயே சாப்பிடுவது, இரண்டு வீட்டுக்கு. இந்தக் கணக்கு சும்மா வந்ததல்ல. பசி கிடந்த பிள்ளை கிடைத்ததைச் சட்டைக்குள் ஒளிக்கும், வீட்டில் இருக்கிற தங்கச்சியை நினைத்துத் தான் தின்னாமல் விடும். இரண்டு வீட்டுக்குத்தான் என்று முதலிலேயே தெரிந்தால் கையிலிருப்பதை நிம்மதியாகச் சாப்பிடும். பைக்குள் ஒளிப்பதைக் கண்டால் கண்டிக்காதீர்கள், கடதாசிப் பை கொடுங்கள். மின் அடுப்பு உள்ளவர்கள் 190 பாகை செல்சியஸில் 15 முதல் 18 நிமிடம் வைத்தால் போதும்.

இனி மா பொங்கும் நேரம். இந்த வேலையில் பெறுமதியான பகுதி இதுதான் என்பது என் அபிப்பிராயம். அதனால்தான் கேக்கும் பிஸ்கற்றும் செய்யாமல் ஈஸ்ட் போட்ட மாவிலேயே நின்றோம். கேக் மாவை அடித்து ஊற்றியதும் உள்ளே போய்விடும், நடுவில் இடைவெளி இல்லை. பணிஸ் மா வன்னி வெயிலில் ஈரத்துணிக்குக் கீழே இருமடங்காக முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் எடுக்கும். அந்த ஒரு மணி நேரம் ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் சில கிழமைகள் பிள்ளைகள் நிமிடத்துக்கொருதரம் துணியைத் தூக்கிப் பார்த்தார்கள். காரணத்தை யோசித்துப் பாருங்கள். 'பாதுகாப்பு வலயம்' என்று சொல்லப்பட்ட இடத்துக்குப் போய் அங்கே செல் விழுந்ததைக் கண்டவர்கள் இவர்கள். நாளைக்கு வீட்டுக்கு விடுவார்கள் என்று முகாமில் ஒவ்வொரு நாளும் கேட்டவர்கள். பெரியவர்கள் சொல்வது நடப்பதில்லை என்பது இவர்கள் படித்த பாடம். "ஒரு மணித்தியாலத்திலை இது ரண்டு மடங்காகும்" என்று நான் சொல்கிறேன். ஆகிறது. அடுத்த சனிக்கிழமையும் சொல்கிறேன், ஆகிறது. பிறகு துணியைத் தூக்குவது குறைந்தது. ஒரு பொடியன் புதிதாக வந்த பிள்ளையிடம், "சும்மா பாக்காதை, அது வரும்" என்று சொன்னான். பல மாதமாக வகுப்பில் வாய் திறக்காத பொடியன் அவன்.

ஆகவே ஈஸ்ட் சாகக்கூடாது. சிரிப்பாக இருக்கும், ஆனால் என்னைக் கேட்டால் இந்த வேலையின் முதல் விதி அதுதான். வெக்கையில் கிடந்த பழைய பைக்கற் ஈஸ்ட் பொங்காது. பிள்ளைகள் வர முதல் ஒரு கரண்டியை வெதுவெதுப்பான சீனித்தண்ணியில் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். நுரைத்தால் மட்டும் பாவியுங்கள். அதே போல நேரம். ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். வரமுடியாவிட்டால் முதல்நாளே ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும். இடையில் வந்து படம் எடுத்துவிட்டுப் போகும் விருந்தாளிகள் வேண்டாம். மூக்கில் மா பூசிச் சிரிக்கும் பிள்ளையின் படத்தை நிதி கொடுப்பவர்கள் கேட்பார்கள். கைகளையும் பணிசையும் மட்டும் எடுத்து அனுப்பினோம், போதும் என்றுதான் அவர்களும் சொன்னார்கள்.

காத்திருக்கும் அந்த மணித்தியாலத்தை நிகழ்ச்சிகளால் நிரப்பாதீர்கள். கோப்பை கழுவும் வேலை இருக்கும். பிறகு கொக்கான் வெட்டுவார்கள், கிளித்தட்டு மறிப்பார்கள், சிலர் மா இருக்கும் பாய்க்குப் பக்கத்திலேயே படுத்து நித்திரையாகிவிடுவார்கள். இரவில் நித்திரை வராத பிள்ளை பகலில் உங்களுக்கு முன்னால் நித்திரை கொண்டால் எழுப்பாதீர்கள், அது உங்களுக்குக் கிடைத்த நற்சான்றிதழ். கதை வருவதும் இந்த நேரத்தில்தான். நேருக்கு நேர் கதிரை போட்டு இருத்தினால் வராது. பக்கத்துப் பக்கத்தில் இருந்து சட்டி தேய்க்கும்போது, முகம் பார்க்காமல், "ரீச்சர், எங்கடை பங்கருக்கை தண்ணி வந்தது" என்று ஒரு வசனம் வரும். "ம்ம்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வசனத்தோடு நிறுத்தினால் அது அன்றைக்குப் போதும். நடந்ததைச் சொல்லும்படி யாரையும் நெருக்கக்கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் சொல்கிறது. அதை வாசிக்காத ஐயா அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஒரு விஷயத்தில் எனக்கு மற்றவர்களோடு ஒத்துப்போகாது. மாவை ஓங்கிக் குத்தினால் பிள்ளையின் கோபம் வெளியே போய்விடும் என்று பயிற்சிகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். "எதிரி எண்டு நினைச்சுக் குத்து" என்று சொன்னவரையும் கண்டிருக்கிறேன். குத்தித் தீர்த்தால் கோபம் குறையும் என்பதை உளவியல் ஆய்வுகள் ஆதரிக்கவில்லை, சிலருக்கு அது கூடத்தான் செய்கிறது. எங்களிடம் குழைப்பதற்கு ஒரு தாளம் இருந்தது. மடி, தள்ளு, திருப்பு. எல்லாப் பாயிலும் ஒரே நேரத்தில் அந்தத் தாளம் விழும்போது மூச்சும் அதோடு இறங்கும். அமைதி வந்தது அதில்தான்.

இல்லாத ஆட்களுக்குப் பணிஸ் செய்யும் பிள்ளைகள் வருவார்கள். தன் பங்கில் ஒன்றுக்கு மேல் அடையாளம் கீறி, "இது அண்ணாக்கு" என்று ஒரு பிள்ளை சொல்லும். அண்ணாவை 2009இல் இருந்து காணவில்லை. அவர் இருக்கிறாரா, இல்லையா என்பது ஒருவருக்கும் தெரியாது. "சரி, அண்ணான்ரையைக் கரையிலை வை, மாறிப்போகாது" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. சிக்கல் வீட்டில்தான் வரும். பிள்ளை அந்தப் பணிசைக் கொண்டுபோய் வைத்ததும் ஒரு தாய் அழுவா, ஒரு தாய் ஏசுவா, இன்னொரு தாய் பேசாமல் எடுத்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வைப்பா. ஆகையால் இப்படி நடக்கலாம் என்று தாய்மாரைக் கூட்டி முன்கூட்டியே கதைத்தோம். "வருவான், பங்கு எடுத்து வைக்கத்தான் வேணும்" என்று சொல்கிற வீட்டுக்கு நாங்கள் மாற்றுக் கதை சொல்லப் போகவில்லை. அந்தப் பேச்சில் வழிநடத்தும் உரிமை தாய்க்குத்தான்.

இந்த எல்லைகள் தெரிந்திருப்பது முக்கியம். ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட அவசரகால உளசமூக வழிகாட்டி, உதவியை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. அடியில் பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும், அதற்கு மேல் குடும்பமும் சமூகமும், அதற்கு மேல் பயிற்சி பெற்ற பணியாளரின் உதவி, உச்சியில் மருத்துவர். பணிஸ் சுடுவது இரண்டாம் படி. வன்னியின் நிலையைக் கூட்டு மனவடு (சமூகம் முழுக்கப் பட்ட மனக்காயம்) என்று எழுதிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் குடும்பமும் ஊரும் சேர்ந்து எழும்புவதைத்தான் வலியுறுத்துகிறார். எங்களுக்கு முன்பே கிழக்கில் அந்த வழி இருந்தது. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற சிறுவர் நிலையத்தில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து களிமண்ணும் வர்ணமும் நாடகமுமாக இருந்தார்கள். நாங்கள் கொண்டுபோனது மா, அவ்வளவே.

இரண்டாம் படியில் இருப்பவர் உச்சிப் படி வேலையைச் செய்யக்கூடாது. வீட்டிலும் வெளியிலும் மாதக்கணக்காகப் பேச்சே வராத பிள்ளை, சாக வேண்டும் என்று சொல்லும் பிள்ளை, தன்னைத் தானே காயப்படுத்தும் பிள்ளை, வீட்டில் யாரோ தவறாகத் தொடுகிறார்கள் என்று வாய் தவறிச் சொல்லும் பிள்ளை, இவர்களை உதவிக்கு அனுப்பாமல் பணிஸ் மட்டும் சுட்டுக்கொண்டிருக்கக்கூடாது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் யாரைச் சந்திப்பது என்பதை முதல் வகுப்புக்கு முன்பே தெரிந்து வைத்திருங்கள். இலங்கையில் சிறுவர் பாதுகாப்புக்கு 1929, மனநல உதவிக்கு 1926. அனுப்பிய பிறகும் அந்தப் பிள்ளைக்குச் சனிக்கிழமை இடம் இருக்க வேண்டும். வைத்தியரிடம் போனதால் வகுப்பை இழந்தேன் என்று ஒரு பிள்ளை நினைத்தால் அடுத்த பிள்ளை வாயே திறக்காது.

திட்டம் முடியும் திகதியைப் பல கிழமைகளுக்கு முன்பே சொல்லிவிட்டோம். சொல்லாமல் மறைந்துபோன ஆட்கள் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் ஏற்கெனவே நிறையப் பேர். கடைசி மாதம் தாய்மாரை அழைத்துப் போறணை இல்லாமல் சுடும் முறையைப் பழக்கினோம். அடி தடித்த அலுமினியச் சட்டிக்குள் இரண்டு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணல், அதன்மேல் ஒரு கம்பி வளையம், வளையத்தில் தட்டு. வெறும் சட்டியை மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி, பிறகு தட்டை வைத்து, மூடிக்கு மேல் சிரட்டைத் தணலைப் பரப்பினால் இருபத்தைந்து நிமிடமளவில் வெந்துவிடும். கீழ் நெருப்பு சிறிதாக இருக்க வேண்டும், மேல் தணல்தான் நிறம் கொடுக்கும்.

2022 பொருளாதார நெருக்கடியில் கோதுமை மா கிலோ 400 ரூபாய் வரை ஏறியபோது இப்படியான முயற்சிகளைத் தொடர்வது மிகக் கஷ்டமாகிப் போனது. மாவில் கால்பங்குக்குக் குரக்கன் மாவோ வறுத்த அரிசி மாவோ கலக்கலாம். பொங்குவது கொஞ்சம் குறையும், தண்ணீர் கொஞ்சம் கூட வேண்டும். ஒன்றரை மடங்கு, ஒன்றேமுக்கால் மடங்கு என்று எவ்வளவு பொங்குமோ அதைப் பிள்ளைகளிடம் முதலே சொல்லிவிடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, ஆறு மாதத்துக்கான மாவுக்கும் ஈஸ்டுக்கும் காசைக் கையில் வைத்துக்கொண்டு அறிவியுங்கள். மூன்று மாதத்துக்குத்தான் இருக்கிறதென்றால் மூன்று மாதம் என்றே அறிவியுங்கள்.